லண்டனில் ஓர் அகதிக் குடும்பம்: கார்ல் மார்க்ஸ் இல்லத்தின் கதை

லண்டன் மாநகரின் சோஹோப் பகுதியில் டீன் வீதி என்றொரு வீதி உண்டு. அங்கே 28ஆம் இலக்கக் கட்டடத்தின் முகப்பில் வட்ட வடிவமான நினைவுப் பலகை ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. கார்ல் மார்க்ஸ் 1851 முதல் 1856 வரை இங்கு வாழ்ந்தார் என்று அது தெரிவிக்கிறது. பலகை ஒருவரின் பெயரை மட்டுமே தாங்கி நிற்கிறது. ஆனால் அந்த வீட்டின் மேல்மாடியில் இருந்த இரண்டு அறைகளில் ஒரு தாயும், பிள்ளைகளும், குடும்பத்தில் ஒருவராகவே ஆகிவிட்ட ஒரு பணிப்பெண்ணும் சேர்ந்தே வாழ்ந்தனர்.

மார்க்ஸின் கொள்கைகளைப் போற்றுவோரும் உளர், மறுப்போரும் உளர். அந்த விவாதத்துக்குள் நாம் இன்று நுழையப் போவதில்லை. தாடி நிறைந்த அந்த முகத்தை ஊர்வலப் பதாகைகளில் கண்டு பழகிய நாம், பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு அந்நிய நகரில் வாடகை அறை தேடிய ஓர் அகதிக் குடும்பஸ்தராக அவரைப் பார்த்தது குறைவு. அந்தக் குடும்பத்தின் கதையையே இங்கு சொல்ல முனைகிறோம்.

நாடு நாடாக

மார்க்ஸ் 1818 மே 5ஆம் திகதி, அப்போது பிரஷ்ய ஆட்சிக்குட்பட்டிருந்த டிரியர் நகரில் பிறந்தார். அதே நகரின் உயர்குடிக் குடும்பமொன்றில் வளர்ந்த ஜென்னி பொன் வெஸ்ட்பாலனை 1843 ஜூனில் மணந்தார். அவர் ஆசிரியராக இருந்த பத்திரிகையை அரசு தடைசெய்திருந்த காலம் அது. அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் தம்பதியர் பாரிஸ் சென்றனர். மூத்த மகள் ஜென்னி 1844இல் அங்கே பிறந்தாள்.

1845இன் தொடக்கத்தில், பிரஷ்ய அரசின் நெருக்குதலால் பிரான்ஸ் அவரை வெளியேற்றியது. மனைவி வீட்டுத் தளபாடங்களை அற்ப விலைக்கு விற்றுவிட்டுக் கைக்குழந்தையுடன் பிரஸ்ஸல்ஸ் நகருக்குப் பின்தொடர்ந்தார். அன்றாட அரசியல் குறித்து எதுவும் வெளியிட மாட்டேன் என்று எழுத்தில் உறுதியளித்த பின்னரே பெல்ஜியம் அவரைத் தங்க அனுமதித்தது. பிரஷ்ய அரசு அங்கும் தம்மைத் துரத்துவதைக் கண்ட மார்க்ஸ், அவ்வாண்டு டிசம்பரில் தமது பிரஷ்யப் பிரஜாவுரிமையைத் துறந்தார். அன்றிலிருந்து அவர் எந்த நாட்டுக்கும் உரியவரல்லர். இரண்டாவது மகள் லோராவும் மகன் எட்கரும் பிரஸ்ஸல்ஸிலேயே பிறந்தனர். மகளுக்கு உதவியாக இருக்கட்டும் என்று ஜென்னியின் தாயார் அனுப்பிவைத்த ஹெலேன டெமூத் என்ற பணிப்பெண்ணும் அங்கே வந்து சேர்ந்தார். பின்னர் அவர் இக்குடும்பத்தை விட்டுப் பிரியவேயில்லை.

1848இல் ஐரோப்பாவெங்கும் புரட்சிகள் வெடித்தன. பெல்ஜியம் மார்க்ஸைக் கைதுசெய்து வெளியேற்றியது. அவரைத் தேடிச் சென்ற ஜென்னியும் ஓர் இரவு சிறையில் அடைக்கப்பட்டார். குடும்பம் பாரிஸ் வழியாக ஜேர்மனியின் கொலோன் நகருக்குத் திரும்பிற்று. மார்க்ஸ் அங்கு நடத்திய பத்திரிகை ஓராண்டுக்குள் நிறுத்தப்பட்டது. அதன் கடைசி இதழ் 1849 மே 19ஆம் திகதி சிவப்பு மையில் அச்சாகி வெளிவந்தது. மீண்டும் பாரிஸ், மீண்டும் வெளியேற்ற உத்தரவு. பிரித்தானி மாகாணத்தின் சதுப்பு நிலப் பகுதியொன்றில் வேண்டுமானால் தங்கலாம் என்றனர் பிரெஞ்சு அதிகாரிகள். அதை ஏற்க மறுத்த மார்க்ஸ் 1849 ஓகஸ்டில் கடல் கடந்து லண்டன் சேர்ந்தார். செப்டெம்பரில் ஜென்னி வந்தார். ஐந்து வயதிலும் நான்கு வயதை எட்டும் பருவத்திலும் இரண்டு பெண் பிள்ளைகள், இரண்டு வயது மகன், வயிற்றில் இன்னொரு குழந்தை, துணைக்கு ஹெலேன. இதுவே அன்று லண்டனில் வந்திறங்கிய குடும்பம்.

திறந்த கதவு, வெறுங்கை

அக்கால இங்கிலாந்து அகதிகளை எவ்வாறு நடத்தியது என்பதை இவ்விடத்தில் அறிந்துகொள்ளுதல் நன்று. அந்த நூற்றாண்டின் பெரும்பகுதியில் அந்நியர் நாட்டுக்குள் நுழைவதைத் தடுக்கும் சட்டம் அங்கு இருக்கவில்லை. 1848இல் அவசரமாக இயற்றப்பட்ட வெளியேற்றச் சட்டமும் எவர்மீதும் பயன்படுத்தப்படாமலே 1850இல் காலாவதியானது. விசாரணை இல்லை, விண்ணப்பப் படிவம் இல்லை, திருப்பி அனுப்பப்படுவோம் என்ற அச்சமும் இல்லை. அதேவேளை உதவிப் பணமோ, தங்குமிடமோ, வேலையோ எதுவும் இல்லை. பட்டினி கிடந்தாலும் கேட்பாரில்லை. நாடிழந்து வந்த ஜேர்மானியர் தமக்குள் நிதி திரட்டித் தம்மவரைத் தாங்கினர். அவ்வாறான உதவிக் குழுவொன்றில் மார்க்ஸும் அங்கம் வகித்தார்.

இந்த வாழ்வு நீடிக்கும் என்று அன்று அவர்களில் எவரும் எண்ணவில்லை. அடுத்த புரட்சி வந்துவிடும், சில மாதங்களில் ஊர் திரும்பிவிடலாம் என்றே நம்பினர். ஆகவே எல்லாம் தற்காலிகம் என்ற நினைப்புடனேயே செல்சிப் பகுதியில் வீடொன்றை வாடகைக்கு எடுத்தனர். 1849 நவம்பர் 5ஆம் திகதி, லண்டன் சிறுவர்கள் வெடி கொளுத்திக் கொண்டாடும் கை பாக்ஸ் நாளில், கீடோ என்ற ஆண் குழந்தை பிறந்தது.

அடுத்த ஆண்டின் இளவேனிலில் வாடகை நிலுவை ஐந்து பவுணுக்காக வீட்டுப் பொருட்கள் சட்டப்படி கைப்பற்றப்பட்டன. கட்டில்கள், துணிமணிகள், குழந்தையின் தொட்டில் ஆகியவற்றோடு சிறுமியரின் நல்ல விளையாட்டுப் பொருட்களும் பட்டியலில் சேர்ந்தன. பிள்ளைகள் அழுதபடி நின்றனர். ஒருவாறு கடன்பட்டு வாடகையைத் தீர்த்ததும், மருந்துக் கடைக்காரரும் பாண் கடைக்காரரும் இறைச்சிக் கடைக்காரரும் பால்காரரும் தத்தம் பற்றுச்சீட்டுகளுடன் வந்து நின்றனர். அவர்களுக்குக் கொடுப்பதற்காகக் கட்டில்களை விற்று வண்டியில் ஏற்றினர். சூரியன் மறைந்த பின்னர் பொருட்களை வெளியேற்றுவது இங்கிலாந்தின் சட்டப்படி குற்றம் என்பது அவர்களுக்குத் தெரியாது. வீட்டுக்காரர் பொலிசாருடன் வந்துவிட்டார். சில நிமிடங்களில் இருநூறு முந்நூறு பேர் கூடி வேடிக்கை பார்த்தனர். ஏற்றிய கட்டில்கள் மீண்டும் இறக்கப்பட்டு, மறுநாள் விடிந்த பின்னரே கொண்டு செல்லப்பட்டன. அறியாத நாட்டின் அறியாத சட்டத்தில் கால் இடறிய எவருக்கும் அந்த மாலை நேரத்தின் அவமானம் விளங்கும்.

இரண்டு அறைகள்

சில நாட்கள் ஒரு விடுதியிலும், சில மாதங்கள் டீன் வீதியின் 64ஆம் இலக்கத்திலும் தங்கிய பின்னர், 28ஆம் இலக்க வீட்டின் இரண்டு அறைகளுக்குக் குடும்பம் குடிபெயர்ந்தது. ஆண்டுக்கு 22 பவுண் வாடகை. வீதியைப் பார்த்த அறையே கூடமும், பிள்ளைகளின் விளையாட்டிடமும், மார்க்ஸின் எழுதுமிடமும். பின்னால் இருந்த சிறிய அறை உறங்குமிடம்.

இந்த அறைகளுக்கு வந்து உளவு பார்த்துச் சென்ற பிரஷ்ய ஒற்றர் ஒருவரின் அறிக்கை எஞ்சியிருக்கிறது. உடையாத தளபாடம் ஒன்றேனும் அங்கு இல்லை; ஒரே மேசையில் கையெழுத்துப் படிகளும், பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களும், ஜென்னியின் தையல் துணிகளும், விளிம்புடைந்த கோப்பைகளும் கலந்து கிடந்தன; அறையில் புகையிலைப் புகை கண்ணைக் கரித்தது. ஆயினும் வந்தவரை அவர்கள் மனமார வரவேற்று, இருந்ததைப் பகிர்ந்தளித்தனர் என்பதையும் அந்த ஒற்றர் மறைக்கவில்லை. இதில் ஒரு விநோதமும் உண்டு. 1850 முதல் 1858 வரை பிரஷ்யாவின் உள்துறை அமைச்சராக இருந்தவர் பேர்டினன்ட் பொன் வெஸ்ட்பாலன். ஜென்னியின் தந்தைக்கு முதல் தாரத்தில் பிறந்த மகன். அண்ணனின் அரசே தங்கையின் வீட்டுக்கு ஒற்றர்களை அனுப்பியது.

மார்க்ஸ் 1850இல் பிரித்தானிய நூதனசாலையின் வாசிப்புக் கூடத்துக்கு அனுமதிச் சீட்டுப் பெற்றார். காலை முதல் மாலை வரை அங்கே படித்தார். ஆனால் படிப்பு அடுப்பை எரிக்காது. நியூயோர்க் நாளிதழ் ஒன்றின் ஐரோப்பியச் செய்தியாளராக அவருக்கு வேலை கிடைத்தது. தொடக்கத்தில் ஒரு கட்டுரைக்கு ஒரு பவுண். ஆங்கிலத்தில் எழுதுமளவுக்கு அப்போது அவருக்கு மொழி கைவரவில்லை. முதல் கட்டுரைத் தொடரை நண்பர் பிரெடரிக் ஏங்கல்ஸே அவர் பெயரில் எழுதிக் கொடுத்தார். பின்னர் மார்க்ஸ் ஜேர்மன் மொழியில் எழுதியவற்றை மொழிபெயர்த்தும் கொடுத்தார். 1853இன் தொடக்கத்தில், 34ஆம் வயதில்தான், அவர் நேரடியாக ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினார். ஜென்னி அவரது புரியாத கையெழுத்தைப் படித்து அச்சுக்கேற்றவாறு படியெடுத்தார்.

மான்செஸ்டரில் தந்தையின் பங்கு நிறுவனத்தில், விருப்பமின்றியே வேலைக்கமர்ந்த ஏங்கல்ஸ் இடைவிடாது பணம் அனுப்பினார். தபாலில் திருடு போகாதிருக்க நாணயத்தாளை இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் வெவ்வேறு உறையில் அனுப்புவது அவர் வழக்கம். அப்படியிருந்தும், மேலங்கி அடகுக்கடையில் இருந்தபடியால் மார்க்ஸ் வீட்டை விட்டு வெளியே போக முடியாத நாட்கள் வந்தன. காகிதம் வாங்குவதற்கும் அங்கி அடகுக்குப் போனது.

கடன்காரர் கதவைத் தட்டும்போது முன்னால் நின்றவர்கள் பிள்ளைகள். பாண் கடைக்காரர் வந்து தகப்பனார் இருக்கிறாரா என்று கேட்டபோது, சிறுவன் எட்கர் அசல் லண்டன் தெருப் பேச்சில், அவர் மேலே இல்லை என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த மூன்று பாண்களையும் வாங்கிக்கொண்டு மேலே ஓடினான். பெற்றோர் சிரித்தனர், கடிதத்திலும் எழுதினர். பெற்றோருக்கு இன்னும் பிடிபடாத மொழியை வீதியில் கற்றுக்கொண்ட பிள்ளை, அந்த மொழியாலேயே பெற்றோரைக் காத்து நின்றான். இன்றும் எத்தனையோ அகதி வீடுகளில் கடிதம் வாசிப்பதும் தொலைபேசியில் பதில் சொல்வதும் பிள்ளைகளே அல்லவா?

மூன்று சவப்பெட்டிகள்

கீடோ தனது முதலாவது பிறந்த நாளைத் தாண்டி இரண்டு கிழமைகளில், 1850 நவம்பர் 19ஆம் திகதி, வலிப்புக் கண்டு இறந்தான். 1851 மார்ச்சில் பிறந்த பிரான்சிஸ்கா 1852 ஏப்ரலில் மார்புச் சளியினால் மாண்டாள். சிறு உடலைப் பின்னறையில் கிடத்திவிட்டு, முன்னறையில் தரையில் படுத்து அன்றிரவு குடும்பம் அழுதது. சவப்பெட்டி வாங்கப் பணமில்லை. அயலில் இருந்த பிரெஞ்சு அகதி ஒருவரிடம் ஜென்னி ஓடினார். அவர் தந்த இரண்டு பவுணில் பெட்டி வாங்கப்பட்டது. ஓர் அகதியின் துயரை இன்னோர் அகதியே தீர்த்தார்.

குடும்பத்தின் செல்லப்பிள்ளை எட்கர். 1854இல் சோஹோவில் பரவிய வாந்திபேதி அறுநூறுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டபோது அந்த வீடு தப்பிக்கொண்டது. ஆனால் அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் எட்கர் படுக்கையில் விழுந்தான். வயிற்றைப் பற்றிய காசநோய். 1855 ஏப்ரல் 6ஆம் திகதி, பெரிய வெள்ளியன்று, எட்டு வயதில் தகப்பனாரின் கைகளிலேயே அவன் உயிர் பிரிந்தது. அதன் பின்னர் மார்க்ஸ் நெடுநாள் பழைய மனிதராக இருக்கவில்லை. மகனின் பெயரைக் கேட்பதே அவருக்குத் தாங்கமுடியாததாயிற்று.

அந்த அறைகளின் கதையில் மறைக்கக்கூடாத இன்னொன்றும் உண்டு. 1851 ஜூனில் ஹெலேன டெமூத் ஓர் ஆண் குழந்தையைப் பெற்றார். குழந்தை வேறொரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுக்கப்பட்டது. தந்தை மார்க்ஸே என்பது ஆய்வாளர் பலரின் முடிவு; அதை ஏற்காதோரும் உளர். ஜென்னி அந்த ஆண்டைப் பற்றி எழுதும்போது அதன் துயரைச் சுட்டினாரே தவிர விளக்கவில்லை. ஹெலேன அந்த வீட்டிலேயே தொடர்ந்து இருந்தார். பெரியவர்களின் வரலாற்றில் பெண்கள் சுமந்த பாரம் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகள்

இத்தனைக்கும் இடையில் பிள்ளைகளுக்கு ஒரு குழந்தைப் பருவம் இருந்தது என்பதே எம்மை வியக்க வைப்பது. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பமும் நண்பர்களும் சோஹோவிலிருந்து நடந்தே ஹாம்ஸ்டெட் ஹீத் என்னும் புல்வெளி மேட்டுக்குப் போவார்கள். ஹெலேன பெரிய கூடையொன்றில் வாட்டிய இறைச்சியும் பாணும் எடுத்துவருவார். பிள்ளைகள் புல்லில் ஓடி விளையாட, மார்க்ஸ் அவர்களைத் தோளில் சுமந்து குதிரையாவார். திரும்பும் வழியில் ஜேர்மன் நாட்டுப் பாடல்கள் பாடப்படும். ஷேக்ஸ்பியரின் காட்சிகள் ஒப்புவிக்கப்படும்.

நடையில் களைப்புத் தெரியாதிருக்க அவர் கதை சொல்வார். பின்னாளில் கடைசி மகள் எலினோருக்குச் சொன்ன கதையொன்று மாதக்கணக்கில் நீண்டது. ஹான்ஸ் ரொக்ளே என்ற மந்திரவாதி பொம்மைக் கடை வைத்திருக்கிறான். எப்போதும் கையில் காசில்லை. கடனைத் தீர்க்கத் தன் அழகிய பொம்மைகளை ஒவ்வொன்றாகச் சாத்தானுக்கு விற்கிறான். ஆனால் எங்கெங்கோ அலைந்த பின்னர் அவை யாவும் திரும்பக் கடைக்கே வந்துவிடுகின்றன. செல்சியில் பறிபோன விளையாட்டுப் பொருட்களை அறிந்தவர்களுக்கு இந்தக் கதையின் பொருளை நாம் விளக்கத் தேவையில்லை.

அந்த வீட்டில் ஜேர்மனும் ஆங்கிலமும் பிரெஞ்சும் கலந்து புழங்கின. ஒருவர் பாரிஸில், இருவர் பிரஸ்ஸல்ஸில், மற்றவர்கள் லண்டனில் என்று பிறந்த பிள்ளைகளுக்கு ஊர் என்று ஒன்றைச் சொல்ல இயலாது. ஆனால் ஷேக்ஸ்பியர் அவர்கள் எல்லோருக்கும் பொதுவான உறவினர் போலிருந்தார். தகப்பனார் மொழி கற்க வாசித்த நாடகங்களைப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொன்னார்கள்.

நீண்டுபோன தற்காலிகம்

1850 செப்டெம்பரிலேயே மார்க்ஸ் தமது தோழர்களிடம் ஓர் உண்மையைச் சொன்னார். மாற்றம் உடனே வராது. பதினைந்து, இருபது, ஐம்பது ஆண்டுகள்கூடப் போராட நேரலாம் என்பதே அது. அந்தக் கருத்து வேறுபாட்டால் இயக்கம் இரண்டாகப் பிளந்தது. நாடு திரும்ப வழியற்றிருந்தவர்கள் ஒருவரையொருவர் வசைபாடிக் காலம் கழித்தனர். மார்க்ஸும் இதற்கு விதிவிலக்கல்லர். 1852இல் சக அகதித் தலைவர்களைக் கிண்டல் செய்து நூலொன்று எழுதி, அச்சிடுவதாக வாக்களித்த ஒருவரிடம் கொடுத்தார். அவரோ பொலிசாரின் ஒற்றர். கையெழுத்துப் படி அவர்களிடமே போய்ச் சேர்ந்தது. குழுச் சண்டையில் யாருக்கு லாபம் என்பதற்கு இது போதிய பாடம்.

1856இல் கிடைத்த இரண்டு சிறு மரபுரிமைப் பணங்களால் குடும்பம் நகரின் வடபுறத்தில் ஒரு வீட்டுக்கு மாறியது. முதன்முறையாகச் சுத்தமான காற்று. ஆனால் வறுமை கூடவே வந்தது. 1857இல் பிறந்த குழந்தையொன்று பிறந்தவுடனே இறந்தது. ஏழு பிள்ளைகளில் எஞ்சியோர் மூன்று பெண்களே. 1862இல் மார்க்ஸ் ரயில்வே அலுவலகமொன்றில் எழுதுநர் வேலைக்கு முயன்றார். கையெழுத்து மோசம் என்று மறுத்துவிட்டனர். 1863 ஜனவரியில் பெண்கள் வெளியே போவதற்குச் செருப்பும் உடையும் இல்லாத நிலை. மூத்த பெண்கள் இருவரையும் வீட்டு ஆசிரியைகளாக அனுப்பிவிடலாமா என்றுகூட அவர் யோசித்தார். 1864இல் நண்பர் வில்ஹெல்ம் வொல்ஃப் இறக்கும்போது எழுதிவைத்த பணமே மூச்சுவிட இடம் கொடுத்தது. 1867இல் வெளிவந்த மூலதனம் முதற் பாகம் அந்த நண்பருக்கே காணிக்கையாக்கப்பட்டது.

பழைய நாட்டின் பிரஜாவுரிமையை மீளப் பெற அவர் 1861இல் விண்ணப்பித்தார், பிரஷ்யா மறுத்தது. புதிய நாட்டின் பிரஜாவுரிமைக்கு 1874இல், அங்கு வந்து 25 ஆண்டுகள் ஆன பின்னர், விண்ணப்பித்தார். வீடு வாசலுள்ள நான்கு ஆங்கிலேயர் அவருக்குச் சான்றளித்தனர். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம் அவருக்குச் சொல்லப்படவில்லை. சொந்த மன்னருக்கே விசுவாசமாக இல்லாதவர் என்ற பொலிஸ் குறிப்பே காரணம் என்பது பிற்காலத்தில் வெளியான ஆவணத்தால் தெரியவந்தது. 1881 டிசம்பரில் ஜென்னி மறைந்தார். 1883 ஜனவரியில் மூத்த மகளும் மறைந்தாள். அவ்வாண்டு மார்ச் 14ஆம் திகதி மார்க்ஸ் லண்டன் வீட்டில் தமது சாய்வு நாற்காலியில் அமர்ந்தபடியே கண்மூடினார். சில மாதங்களுக்கென்று வந்தவர், எந்த நாட்டுப் பிரஜையாகவும் இல்லாமல் 33 ஆண்டுகளுக்கு மேல் அங்கே வாழ்ந்து முடித்தார். ஹைகேட் மயானத்தில் அவரை அடக்கம் செய்தபோது கூடியவர்கள் பன்னிரண்டு பேரளவில்தான்.

டீன் வீதியின் அந்த இரண்டு அறைகளில் 1855 ஜனவரியில் பிறந்தவள் எலினோர். வளர்ந்தபின் லண்டனின் கிழக்குப் பகுதியில் தொழிற்சங்கங்களைக் கட்டியெழுப்பினார். எழுத்தறிவு குறைந்த தொழிலாளர் தலைவர் ஒருவருக்கு எழுதவும் படிக்கவும் உதவினார். ரஷ்யப் பேரரசின் கொடுமையிலிருந்து தப்பி வந்த யூத அகதித் தொழிலாளரிடையே பேசுவதற்காக அவர்களது இத்திஷ் மொழியையும் கற்றுக்கொண்டார். தம் பெற்றோர் அகதிகளாக வந்த நகரில், தமக்குப் பின் வந்த அகதிகளின் மொழியைத் தேடிக் கற்றவர் அவர். அவரது வாழ்வும் 1898இல் துயரத்தில் முடிந்தது என்றாலும் அந்தப் பணி வீண்போகவில்லை.

ஊர் திரும்பும் நாளை எண்ணியபடி பெட்டியைக் கட்டிவைத்து வாழ்வது பெரியவர்களுக்கு இயலும். பிள்ளைகளின் வளர்ச்சி அந்த நாளுக்காகக் காத்திராது. மார்க்ஸும் ஜென்னியும் பிள்ளைகளுக்கு வீடு கொடுக்கவில்லை; சில வேளைகளில் செருப்புக்கூடக் கொடுக்க இயலவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமையையும் கதையையும் பாடலையும் அவர்கள் நாடு திரும்பும் நாள்வரை ஒத்திவைக்கவில்லை. எமது வீடுகளிலும் அவை ஒத்திவைக்கப்படாதிருக்க வேண்டும் என்பதே எம் விருப்பம்.